மாயாபுரியில் ஒரு பழைய லிங்கன்

ஊரிலிருந்து உறவினர் எவரேனும் டில்லிக்கு வந்தால், அவர்களை அழைத்துச் செல்ல வேண்டிய இடங்கள் இன்னவை என்று எங்கள் வீட்டில் ஓர் அட்டவணையே உண்டு. குதுப் மினார், செங்கோட்டை, ராஜ்காட், பிர்லா மந்திர், மாலையில் ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர். இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும். மூன்றாம் நாள் கரோல் பாக்கில் கம்பளி வாங்கிக்கொண்டு அவர்கள் ரயில் ஏறுவார்கள். இந்த அட்டவணையில் மாயாபுரி இல்லை. இருக்க நியாயமும் இல்லை. ஆயினும் சென்ற பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நாங்கள் குடும்பத்தோடு மாயாபுரிக்குப் போய் வந்தோம். அங்கே கண்டதை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல வேண்டுமென்று தோன்றியதால் இதை எழுதலானோம்.

மாயாபுரி என்ற பெயரைக் கேட்டவுடன் புராணங்களில் வரும் பொன்மாடங்கள் நினைவுக்கு வரலாம். அங்கே இருப்பதோ இரும்பு மலை. மோதி பாக்கில் மெட்ரோ ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். நிலையத்தை விட்டு இறங்கிச் சற்று நடந்தால் சுத்தியல் ஓசை வரவேற்கிறது. வடநாட்டின் பெரிய பழைய இரும்புச் சந்தைகளில் இது ஒன்று. வாழைத்தாரைக் கட்டித் தொங்கவிட்டாற்போல் மோட்டார்க் கதவுகள் தொங்குகின்றன. கியர்ப் பெட்டிகள் ஒரு பக்கம், அச்சுகள் ஒரு பக்கம், சக்கரங்கள் ஒரு பக்கம் என்று பிரித்துக் குவித்திருக்கிறார்கள். ஓடி ஓய்ந்த வண்டிகள் இங்கே வந்து உறுப்பு உறுப்பாகப் பிரிகின்றன. பிரிந்த உறுப்பு ஒவ்வொன்றும் வேறொரு வண்டியில் போய்ச் சேர்ந்து மறுபடி ஓடுகிறது.

நாங்கள் அங்கே போனது எங்கள் பெரியப்பாவுக்குத் துணையாக. அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். 1967-இல், பத்தொன்பதாம் வயதில், மாயவரத்திலிருந்து சென்னை வந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் டில்லிக்கு வந்தவர். அப்போது அவருக்கு இந்தியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. கரோல் பாக்கில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் விளக்குப் பிடிக்கும் பையனாகச் சேர்ந்தார். தூதரகங்களிலிருந்து பெரிய பெரிய அமெரிக்க வண்டிகள் அந்தப் பட்டறைக்குப் பழுது பார்க்க வரும். சில வருஷங்களில் மின்சார வேலை முழுவதும் பெரியப்பா கைக்கு வந்துவிட்டது. எங்கள் தகப்பனார் ரயில்வே உத்தியோகத்தில் இருக்கும்போதே காலமாக, மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக் குமாஸ்தா வேலையில் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. அந்நாளில் எங்களைத் தாங்கியவர் பெரியப்பாவே. இன்று அவருக்கு எண்பது நெருங்குகிறது. கண்ணில் நீர் அழுத்த நோய் வந்து பார்வை பெரும்பாலும் போய்விட்டது. எதிரே நிற்பவரின் உருவம் தெரியும், முகம் தெரியாது. எழுத்து அறவே தெரியாது.

ஒரு நாள் மாலை மாயாபுரிப் பட்டறை ஒன்றிலிருந்து அவருக்குத் தொலைபேசி வந்தது. “மாஸ்டர்ஜி, நீங்கள் முன்பு வேலை பார்த்த லிங்கன் வண்டி இப்போது எங்களிடம் இருக்கிறது. கூரை திறக்கவில்லை. எட்டு மாதமாகப் பார்க்கிறோம். முதலாளி பொறுமை இழந்துவிட்டார். அடுத்த வாரம் டிக்கியை வெல்டிங் வைத்து மூடிவிட்டுக் கூரையை நிலையாகப் பொருத்திவிடச் சொல்கிறார்” என்றார்கள். பெரியப்பா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எங்களிடம், “தம்பி, ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வேலை ஒன்றும் இல்லையே?” என்று கேட்டார். பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொல்லி, அதிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த நீண்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டார்.

பட்டறை ஒரு சந்தின் கோடியில் இருந்தது. தகரக் கொட்டகை, உள்ளே வெளிச்சம் குறைவு. நடுவில் அந்த வண்டி நின்றது. எங்கள் குழந்தைகள் இருவரும் முதலில் அதை வண்டி என்றே நம்பவில்லை. நம் நாட்டு அம்பாசிடர் வண்டியின் நீளம் ஏறக்குறைய நாலேகால் மீட்டர். இந்த லிங்கன் கான்டினென்டலின் நீளமோ 5.6 மீட்டர், எடை ஏறத்தாழ 2,500 கிலோ. அம்பாசிடரின் இன்ஜின் ஒன்றரை லிட்டர் என்றால், இதன் எட்டு சிலிண்டர் இன்ஜின் ஏழரை லிட்டருக்குச் சற்று மேல். 340 குதிரைச் சக்தி. பெட்டி செய்தாற்போல் நேர்கோடுகள். வளைவும் வாலும் பூவேலையும் கிடையாது. முன்கதவும் பின்கதவும் அலமாரிக் கதவுகளைப்போல் எதிரெதிராகத் திறக்கின்றன.

இந்த அழகுக்கு ஒரு கதை உண்டு. எல்வுட் எங்கல் என்னும் சிற்பி இந்த வடிவத்தை முதலில் போர்டு கம்பெனியின் வேறொரு வண்டிக்காகத்தான் செய்தார். அப்போது கம்பெனியின் உயர் அதிகாரியாயிருந்த ராபர்ட் மக்னமாரா, பிற்காலத்தில் உலக வங்கித் தலைவராக நாம் அறிந்த அதே மனிதர், அதைப் பார்த்துவிட்டு இதையே லிங்கனாக்கலாம் என்றார். 1961-இல் அது சந்தைக்கு வந்தது. மிச்சிகன் மாகாணத்தில் விக்ஸம் என்னும் ஊரின் தொழிற்சாலையில் இவ்வண்டிகளைச் செய்தார்கள். 1957-இல் தொடங்கிய அத்தொழிற்சாலை 2007-இல் மூடப்பட்டது. 1963-இல் ஜனாதிபதி கென்னடி டல்லஸ் நகரில் சுடப்பட்டபோது அமர்ந்திருந்ததும், இவ்வகை வண்டி ஒன்றை நீட்டி மாற்றி அமைத்ததுதான்.

துணிக்கூரை மடங்கும் நாலு கதவு வண்டியை அந்த வருஷங்களில் அமெரிக்காவில் வேறு எந்தக் கம்பெனியும் விற்கவில்லை. 1967 தான் அந்த வகைக்குக் கடைசி வருஷம். அவ்வருஷம் 2,276 வண்டிகளே செய்தார்கள். நாங்கள் கண்டது அவற்றுள் ஒன்று.

ஒரு தூதரக அதிகாரியோடு அது டில்லிக்கு வந்தது. அவர் நாடு திரும்பியபோது இங்கே விற்றுவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் இத்தகைய அயல்நாட்டு வண்டிகளில் பல, அரசாங்க வர்த்தகக் கார்ப்பரேஷன் மூலமாகவே நம்மவர் கைக்கு வந்தன. வாங்கியவர் ஆசையோடு ஓட்டினார். 1973-இல் உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறிற்று. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நாலு கிலோமீட்டர் போவதே பெரிது என்னும் வண்டியை யார் கட்டி மேய்ப்பது? கொட்டகையில் போட்டுப் பூட்டினார்கள். பல மழைக்காலங்கள் கழிந்தன. பேரன் தலையெடுத்துத் தாத்தாவின் வண்டியை மறுபடியும் நிறுத்திக் காட்டுகிறேன் என்று மாயாபுரிக்குக் கொண்டுவந்தார்.

என்னென்ன வேலை நடந்திருக்கிறது என்று பட்டறை மிஸ்திரி எங்களுக்குக் காட்டினார். முப்பது வயதுக்குட்பட்ட இளைஞர். தகப்பனாரும் இதே தொழில்தானாம். இந்த வண்டிக்குத் தனியே அடிச்சட்டம் கிடையாது. உடலே சட்டம். ஆகவே தரைத் தகடு துருப்பிடித்தால், வீட்டுக்கு அஸ்திவாரம் போனதுபோல் ஆகிவிடும். கதவுகளைக் கழற்றுமுன் உள்ளே குறுக்குக் கம்பிகள் கொடுத்து முட்டு வைத்து, அழுகிய தகட்டை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். முட்டு வைக்காமல் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்து, பிறகு கதவு சாத்தவே சாத்தாதாம். முந்திய காலத்தில் யாரோ துருவின் மேல் விரல் கனத்துக்குப் பட்டி பூசி வர்ணம் அடித்திருந்தார்கள். அதைச் சுரண்டவே ஒரு மாதம் பிடித்தது. பளபளக்கும் சாமான்களுக்குச் செம்பு, நிக்கல், குரோமியம் என்று மூன்று முலாம். மழையைத் துடைக்கும் கைகள்கூட இதில் மின்சாரத்தால் அசைவதில்லை. ஸ்டியரிங்குக்கு உதவும் பம்பின் எண்ணெய் அழுத்தமே அவற்றையும் அசைக்கிறது. அந்த எண்ணெய்க் குழாய்களைத் தேடி அமெரிக்காவுக்கு எழுதி வரவழைத்திருக்கிறார்கள்.

எல்லாம் முடிந்தது, கூரை மட்டும் முடியவில்லை.

அந்தக் கூரையின் விந்தையைக் கேளுங்கள். ஓட்டுபவர் ஒரு ஸ்விட்சைத் தொட்டால் போதும். முதலில் டிக்கி மூடியின் பூட்டுகள் விலகும். மூடிக்குக் கீல் பின்புறத்தில் இருப்பதால் அது பின்னோக்கித் திறக்கும். அடுத்து, முன்கண்ணாடிக்கு மேலே கூரையைப் பிடித்திருக்கும் திருகுகள் கழலும். கூரை எழுந்து, மடிந்து, டிக்கிக்குள் படுக்கும். மூடி மறுபடி சாத்திப் பூட்டிக்கொள்ளும். இத்தனையும் செய்வதற்கு இன்று நாம் எதற்கும் வைக்கும் கம்ப்யூட்டர் கிடையாது. மோட்டார்களும், ரிலேக்களும், சின்னஞ்சிறு ஸ்விட்சுகளுமே. ஒரு வேலை முழுதாக முடிந்தது என்று ஒரு ஸ்விட்ச் தெரிவித்தாலன்றி அடுத்த வேலை தொடங்காது.

ரயில்வேயில் பிழைக்கும் எங்களுக்கு இது புரியச் சிரமமாக இல்லை. ஸ்டேஷனில் பாயிண்டுகள் சரியாகத் திரும்பிப் பூட்டிக்கொண்டாலன்றிச் சிக்னலை இறக்க முடியாது; இன்டர்லாக்கிங் என்பார்கள். மனிதன் மறந்தாலும் இரும்பு மறக்கக் கூடாது என்னும் ஏற்பாடு. அதே ஏற்பாட்டை ஒரு பணக்காரரின் கூரைக்கு வைத்திருக்கிறார்கள்.

இந்த வண்டியில் டிக்கி மூடி திறந்தது, திறந்தபடியே நின்றது. அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. மிஸ்திரி கண்ணுக்குத் தெரிந்த ஸ்விட்சுகளையெல்லாம் சோதித்துவிட்டார். ரிலேக்களையும் மாற்றிப் பார்த்துவிட்டார்.

பெரியப்பா வண்டியைச் சுற்றித் தடவிக்கொண்டே ஒரு முறை வந்தார். பிறகு ஒரு முக்காலியில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். “எல்லாம் இதில் எழுதியிருக்கிறேன். ஞாபகத்தில் பாதி இருக்கிறது, பாதி இல்லை. படித்தால் வந்துவிடும்” என்றார். மிஸ்திரி ஆவலோடு வாங்கிப் பிரித்தார். முகம் விழுந்துவிட்டது. அத்தனையும் தமிழ்! அந்த வயதில் பெரியப்பாவுக்கு வேறு எந்த எழுத்து தெரியும்?

இவ்விடத்தில் எங்கள் வீட்டு விஷயம் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். எங்கள் மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயது. ஞாயிறு தமிழ் வகுப்புக்கு மூன்று வருஷமாகப் போகிறாள். தை மாதம் முதலே, இனிப் போவதில்லை என்று பிடிவாதம் செய்துகொண்டிருந்தாள். “பள்ளியில் பரீட்சை இல்லை. தெருவில் யாரும் பேசுவதில்லை. இதைப் படித்து என்ன செய்வது?” என்று கேட்டாள். நம்முடைய தாய்மொழி என்றோம், பெருமை என்றோம். அவள் கேட்டது பயன். அதற்கு எங்களிடம் நேரான பதில் இல்லை. அன்று காலையும் இதே வாக்குவாதத்தோடுதான் வீட்டை விட்டுப் புறப்பட்டோம்.

பெரியப்பா இதொன்றும் அறியார். “பாப்பா, நீ படி. தாத்தாவுக்குக் கண் தெரியவில்லை” என்றார் சாதாரணமாக.

அவள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். இரண்டாம் வரியிலேயே நின்றுவிட்டாள். “இது என்ன எழுத்து? வகுப்பில் இல்லையே” என்றாள். எட்டிப் பார்த்தோம். ‘லை’, ‘னை’ ஆகிய எழுத்துக்களைப் பெரியப்பா பழைய முறையில், யானைத் துதிக்கைபோல் மேலே வளைத்து எழுதியிருந்தார். 1978-இல் தமிழ்நாட்டு அரசாங்கம் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் நாடெங்கும் வழங்கிய உருவம் அது. தன் பாட்டியின் பழைய புத்தகங்களைப் படித்துப் பழகியிருந்த குழந்தைகளின் தாயார் அருகில் உட்கார்ந்து எழுத்தைக் காட்டிக் கொடுத்தாள். அப்புறம் வேகம் வந்தது. மகள் தமிழில் படித்து இந்தியில் சொல்ல, மிஸ்திரி ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி: “மூடி முழுக்கத் திறந்த சாட்சி, இடது கீலுக்கு உள்பக்கம். கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவு.”

“சாட்சி என்றால்?” என்று மகள் நிமிர்ந்தாள். பெரியப்பா வாய் திறப்பதற்குள், மிஸ்திரி அந்தச் சொல்லைத் தானே பிடித்துக்கொண்டார். “சாக்ஷியா? கோர்ட்டில் சொல்லும் சாக்ஷியா?” என்றார். பிறகு சிரித்துவிட்டார். வேலை முடிந்தது என்று பார்த்துச் சொல்லும் சின்ன ஸ்விட்சுக்குப் பெரியப்பா வைத்த பெயர் அது. இங்கிலீஷ் பெயர் தெரியாததால், அது செய்யும் தொழிலைப் பார்த்துத் தாமே ஒரு பெயர் வைத்துவிட்டார். “ஐயா, எங்கள் புத்தகத்தில் இருக்கும் பெயரைவிட இது நன்றாயிருக்கிறது” என்று மிஸ்திரி எழுந்து டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்தார்.

உள்ளிருந்து அவர் குரல் வந்தது: “இருக்கிறது! இருக்கிறது!”

மகள் அடுத்த வரியைப் படித்தாள். “துருவை எடுத்து முனையைத் தேய். எண்ணெய் போடாதே, தூசி ஒட்டும். 1971 மே மாதம் இதே கோளாறு.” ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட புத்திமதி. அப்படியே செய்தார்கள். அரைமணி நேரமாயிற்று. பிறகு மிஸ்திரி ஸ்விட்சைத் தொட்டார். மூடி திறந்தது. வழக்கம்போல் நின்றது. நாங்கள் மூச்சு விடவில்லை. ‘டக்’ என்று ஒரு சத்தம். முன்பக்கத்தில் திருகுகள் சுழலும் ஓசை. அந்தப் பெரிய கூரை மெல்ல எழுந்து, மடிந்து, பின்னால் சென்று படுத்தது. பட்டறைப் பையன்கள் கைதட்டினார்கள். பெரியப்பா வண்டியின் பக்கம் பார்க்கவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். “பம்பு கொஞ்சம் திணறுகிறது. எண்ணெயில் காற்று இருக்கிறது” என்றார்.

அவர் சொன்னது உண்மை. திரும்ப மூடும்போது கூரை பாதியில் நின்றுவிட்டது. நாலு பேர் சேர்ந்து கையால் தூக்கிச் சாத்த வேண்டியதாயிற்று. ஆனால் அதைக் கண்டு யாரும் வருந்தவில்லை. மிஸ்திரி அப்போதே முதலாளிக்குத் தொலைபேசியில் சொல்லி, வெல்டிங் வேண்டாம் என்று உத்தரவு வாங்கிவிட்டார். நோட்டுப் புத்தகத்தில் முப்பத்தாறு பக்கம்; அன்று முடிந்தது பதினொன்று. மீதிக்கு இன்னும் இரண்டு ஞாயிறாவது வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

வேலை முடிந்த பின் இந்த வண்டி என்ன ஆகும் என்று விசாரித்தோம். 2021-இல் மத்திய அரசாங்கம் இதற்கென்று விதி வகுத்திருக்கிறது. முதற்பதிவு செய்து ஐம்பது வருஷம் கடந்து, மூல உருவம் மாறாமலிருக்கும் வண்டியைப் பழம்பெரும் வண்டியாகப் பதிந்துகொள்ளலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பத்து வருஷம் செல்லும். நம்பர்ப் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துக்கள் வரும். ஆனால் தினந்தோறும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், பழுது பார்த்தல், எண்ணெய் நிரப்புதல் போன்றவற்றுக்கே சாலையில் இறக்கலாம். ரயில்வேயில் 1855-ஆம் வருஷத்து ‘பேரி குவீன்’ நீராவி இன்ஜினை 1997-இல் மறுபடியும் ஆல்வாருக்கு ஓட்டிக் காட்டினார்களே, அதைப்போலத்தான். அன்றாடம் சுமை இழுப்பதற்கன்று. இப்படியும் ஓடிற்று என்று காட்டுவதற்கு.

“இவ்வளவு பாடுபட்டு, ஓட்டவே கூடாதா?” என்று எங்கள் சின்னவன் கேட்டான். பெரியப்பா சொன்னார்: “ஓட்டாவிட்டால் என்ன? கூரை திறக்கிறதே! மூடி ஒட்டியிருந்தால், அதற்குள்ளே என்ன இருந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?”

புறப்படுமுன் மிஸ்திரி பெரியப்பாவிடம் பணம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. “படித்தது பாப்பா, கூலி அவளுக்கு” என்றார். சமோசாவும் ஜிலேபியும் வந்தன. நோட்டுப் புத்தகத்தைப் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று மிஸ்திரி கேட்டார். பெரியப்பா சற்று யோசித்து, “படம் எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் எங்கள் வீட்டில் இருக்கட்டும், படிக்கிறவள் அங்கேதான் இருக்கிறாள்” என்றார்.

திரும்பும் வழியில் ரயிலில் கூட்டம் இல்லை. மகள் நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டாம் பக்கத்தில் புரியாத சொற்கள் நாலைத் தனியே எழுதிக்கொண்டாள். வகுப்பைப் பற்றி நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை; கேட்டால் காரியம் கெடும் என்று எங்களுக்குத் தெரியும். மோதி பாக் நெருங்கும்போது அவளே, “அடுத்த ஞாயிறு மாயாபுரிக்கு மத்தியானம் போகலாம். காலையில் வகுப்பு இருக்கிறது; இந்த நாலு சொல்லையும் டீச்சரிடம் கேட்க வேண்டும்” என்றாள்.

அன்பர்கள் இல்லங்களிலும் பரண்மேல் தகரப் பெட்டிகள் இருக்கும். அவற்றில் சமையல் குறிப்போ, கணக்கோ, தொழில் குறிப்போ, நம் பெரியவர்கள் தமக்குத் தெரிந்த ஒரே எழுத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அவர்கள் அருகில் இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றை இறக்கி, குழந்தைகளைக் கொண்டு வாசிக்கச் செய்யுங்கள்.